‘தி பிக் ஷார்ட்’ படத்தில் இல்லாத ஊர்

2008 அமெரிக்க வீழ்ச்சியைப் பற்றிப் பேச்செடுத்தால் யாராவது ஒருவர் "தி பிக் ஷார்ட் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டுவிடுகிறார். பார்த்திருக்கிறேன், இரண்டு முறை. ஆடம் மெக்கே இயக்கி 2015-இல் வந்த படம். மைக்கேல் லூயிஸின் புத்தகத்தை வைத்து எடுத்தது, தழுவல் திரைக்கதைக்கு ஆஸ்கரும் வாங்கியது. வீட்டு அடமானக் கடன்களை மூட்டை கட்டி, பத்திரமாக்கி, அந்தப் பத்திரங்களை மறுபடியும் வெட்டி ஒட்டி விற்ற கூத்தை இவ்வளவு சுவாரசியமாகச் சொன்ன படம் வேறு இல்லை. மார்கோ ராபி குளியல் தொட்டியில் உட்கார்ந்து சப்-பிரைம் பாடம் எடுக்கும் காட்சியை வகுப்பிலேயே போட்டுக் காட்டலாம். (பள்ளிக்கூடத்தில் வேண்டாம்.)

என் குறை வேறு. படம் முடியும்போது திரையில் கணக்கு வருகிறது: இத்தனை லட்சம் பேருக்கு வீடு போனது, இத்தனை லட்சம் பேருக்கு வேலை போனது. வீடு போனது புரிகிறது, அதைத்தான் இரண்டு மணி நேரம் காட்டினார்கள். வேலை ஏன் போனது? வீட்டுக்கடன் பக்கமே போகாதவனுக்கு, வீட்டு விலை பெரிதாக ஏறவே ஏறாத ஊரில் இருந்தவனுக்கு ஏன் போனது? படத்தில் இதற்குப் பதில் இல்லை. வங்கி கவிழ்ந்தது, அதனால் எல்லாமே கவிழ்ந்தது என்று நாமாக ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். அன்றைக்குத் தமிழில் படித்த பல விளக்கங்களும் லேமன் பிரதர்ஸ் திவாலான 2008 செப்டம்பர் 15-ஐத்தான் முதல் அத்தியாயமாக வைத்தன.

ஆனால் தேதிகளை வரிசைப்படுத்திப் பாருங்கள். அமெரிக்காவில் 2005-ஆம் ஆண்டு 20 லட்சத்துக்கும் மேலான வீடுகளுக்குக் கட்டுமானம் தொடங்கியது. 2006-இலேயே அது சரியத் தொடங்கி, 2009-இல் சுமார் ஐந்தரை லட்சத்துக்கு வந்து நின்றது. மந்தநிலை 2007 டிசம்பரில் தொடங்கியது என்பதுதான் அதிகாரபூர்வக் கணக்கு. லேமன் விழுந்தபோது நோய் வந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது.

இந்த இடத்தில்தான் அதிஃப் மியான், அமீர் சூஃபி இருவரும் 2014-இல் எழுதிய ‘ஹவுஸ் ஆஃப் டெட்’ வருகிறது. படத்தைப் போல ஆரவாரம் கிடையாது. ஆனால் நான் மேலே கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல முயலும் புத்தகம். அது தொடங்குவது வால் ஸ்ட்ரீட்டில் அல்ல, இந்தியானா மாநிலத்தின் வடக்கே, எல்க்ஹார்ட் பக்கம். படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ளேயே இருக்கும் ஆர்.வி. வண்டிகள் செய்வதில் அந்த வட்டாரம் பேர்போனது. 2008 ஜூலையில் மொனாக்கோ என்ற நிறுவனம் அங்கே தன் ஆலைகளை மூடப்போவதாகச் சொன்னது. 1,400-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வெளியே. 2009 தொடக்கத்தில் எல்க்ஹார்ட்டில் வேலையின்மை 18 சதவீதத்தைத் தாண்டியது. பதவியேற்ற சில வாரங்களில் ஒபாமா அங்கே போய்ப் பேசினார். இந்தியானாவில் வீட்டு விலை கலிஃபோர்னியா மாதிரி ஏறவும் இல்லை, அதே மாதிரி விழவும் இல்லை. அப்புறம் எப்படி?

மியானும் சூஃபியும் சொல்லும் வழி இதுதான். 2 லட்சம் டாலர் வீடு என்று வைத்துக்கொள்வோம். கைக்காசு 40,000, மீதி 1,60,000 கடன். வீட்டு விலை 20 சதவீதம் இறங்குகிறது. இப்போது வீடு 1,60,000-தான் பெறும். கடனும் அதே 1,60,000. அதாவது வீட்டு விலை 20 சதவீதம் விழுந்ததில் வீட்டுக்காரருக்குப் போனது நூற்றுக்கு நூறு, வங்கிக்குப் போனது பூஜ்யம். கடன் என்பதே அப்படிப்பட்ட ஏற்பாடு: முதல் அடி முழுவதும் கடன் வாங்கியவர் மேல் விழும், அவரிடம் ஒன்றும் மிச்சமில்லாத பிறகுதான் கொடுத்தவர் மேல் விழும்.

இனி யார் கடன் வாங்கியவர், யார் கொடுத்தவர் என்று பார்க்க வேண்டும். 2007-இல், அமெரிக்க வீட்டுச் சொந்தக்காரர்களில் கடைசி 20 சதவீதத்தினர் ஒவ்வொரு டாலர் சொத்துக்கும் சுமார் 80 சென்ட் கடன் வைத்திருந்தார்கள். உச்சியில் இருந்த 20 சதவீதத்தினருக்கு அது 7 சென்ட். கீழே இருந்தவர்களின் நிகரச் சொத்து 2007-இல் சுமார் 30,000 டாலர், 2010-இல் ஏறக்குறைய ஒன்றுமில்லை. மேலே இருந்தவர்கள் 32 லட்சம் டாலரிலிருந்து 29 லட்சத்துக்கு வந்தார்கள். ஒரே பூகம்பம்தான், ஒருவர் வீடு தரைமட்டம், இன்னொருவர் வீட்டில் பூச்சு உதிர்ந்தது. பங்குகள், பத்திரங்கள், வங்கி வைப்புகள் வழியாகக் கடைசியில் கடன் கொடுத்தவர்களும் அந்த மேல்தட்டினர்தான்.

சொத்து கரைந்தவர் என்ன செய்வார்? செலவைச் சுருக்குவார். அதுவும் கையில் இருப்பு இல்லாதவர் உடனே, கடுமையாகச் சுருக்குவார். கலிஃபோர்னியாவின் சென்ட்ரல் வேலி பகுதியில் 2006-இலிருந்து 2009-க்குள் குடும்பங்களின் நிகரச் சொத்து பாதியாகக் குறைந்தது, செலவு 30 சதவீதம் அளவுக்கு வெட்டப்பட்டது என்கிறது புத்தகம். அங்கே உணவகத்தில் பரிமாறுபவருக்கு வேலை போவது எதிர்பார்க்கக்கூடியது. ஆனால் அந்தக் குடும்பங்கள் உணவகத்துக்கு மட்டுமா போகாமல் இருந்தன? கார் வாங்கவில்லை, சோபா மாற்றவில்லை, ஆர்.வி. வாங்கவில்லை. அமெரிக்காவில் 2007-இல் சுமார் 1 கோடியே 60 லட்சம் வண்டிகள் விற்றன, 2009-இல் சுமார் 1 கோடியே 4 லட்சம்தான். வண்டி வாங்காதவர் கலிஃபோர்னியாவில், அதைச் செய்பவர் இந்தியானாவில், மிச்சிகனில்.

இதை அவர்கள் கதையாகச் சொல்லிவிட்டுப் போகவில்லை, தரவில் சோதித்தார்கள். உணவகம், கடை மாதிரி உள்ளூர்க்காரர்களை நம்பி நடக்கும் வேலைகளை ஒரு பக்கம், வெளியூருக்கு அனுப்பும் பொருள் செய்யும் வேலைகளை இன்னொரு பக்கம் வைத்தார்கள். முதல் வகை வேலைகள் வீட்டுச் சொத்து அதிகம் கரைந்த மாவட்டங்களில் அதிகம் போயின. இரண்டாம் வகையோ, உள்ளூர் வீட்டு விலை எப்படி இருந்தாலும், நாடு முழுக்க ஏறத்தாழ ஒரே மாதிரி போனது. வங்கி கடன் தராததுதான் முழுக் காரணம் என்றாலோ, தொழில்களுக்கு ஏதோ பொதுவான நிச்சயமின்மை என்றாலோ, இந்த இரட்டை அச்சு விழ வேண்டிய அவசியமே இல்லை. இந்தத் துறையில் நான் படித்த வாதங்களில் இதுதான் மிக அழகானது.

இன்னொரு ஒப்பீடும் பலமானது. 2000-க்குப் பின் தொழில்நுட்பப் பங்குகள் சரிந்தபோது அமெரிக்கக் குடும்பங்கள் சுமார் 5 லட்சம் கோடி டாலர் இழந்தன. வீட்டு விலைச் சரிவில் இழந்தது சுமார் 5.5 லட்சம் கோடி. தொகை கிட்டத்தட்ட ஒன்றுதான். முதலாவது லேசான மந்தத்தோடு போயிற்று, இரண்டாவதில் 87 லட்சம் வேலைகள் காலி. பங்கு வைத்திருந்தவர் வசதியானவர், பெரும்பாலும் கடனில்லாமல் வாங்கியவர். வீடு வைத்திருந்தவர் கழுத்துவரை கடனில் இருந்தவர். எவ்வளவு நஷ்டம் என்பதைவிட யார் தலையில் நஷ்டம் என்பதுதான் விளைவைத் தீர்மானிக்கிறது.

ஏற்றத்தின் கதையைப் படமும் புத்தகமும் கடன் கொடுத்தவர் பக்கமிருந்தே சொல்கின்றன. 2000-க்கும் 2007-க்கும் நடுவே அமெரிக்கக் குடும்பங்களின் கடன் 7 லட்சம் கோடி டாலரிலிருந்து 14 லட்சம் கோடி ஆனது. வீட்டு விலை ஏறின ஒவ்வொரு டாலருக்கும் வீட்டுக்காரர்கள் சராசரியாக 25 சென்ட் புதுக் கடன் எடுத்தார்கள் என்பது இதே இருவரின் கணக்கு. இரண்டிலும் விடுபட்ட ஒன்று எனக்கு முக்கியமாகப் படுகிறது. கெர்வின் சார்ல்ஸ், எரிக் ஹர்ஸ்ட், மேத்யூ நோட்டோவிடிக்டோ மூவரும் காட்டியது: ஏற்றக் காலத்தில் கட்டுமான வேலை கொட்டிக் கிடந்ததால், அந்த ஊர்களில் இளைஞர்கள் கல்லூரியில் சேர்வது குறைந்தது. ஆலை வேலைகள் காணாமல்போய்க்கொண்டிருந்ததைக் கட்டுமானக் கூலி மூடி மறைத்தது. சரிவு வந்தபோது கட்டுமானமும் இல்லை, படிப்பும் இல்லை. விலை திரும்பி ஏறினாலும் அந்த வயசு திரும்பாது.

சரி, புத்தகத்தை இவ்வளவு தூக்கிப் பிடிக்கிறேனே, அதில் ஓட்டை இல்லையா? இருக்கிறது. எல்க்ஹார்ட் உதாரணமே கொஞ்சம் வழுக்கும். 2008 ஜூலையில் அமெரிக்காவில் பெட்ரோல் விலை கேலனுக்கு 4 டாலரைத் தாண்டி, அதுவரை காணாத உச்சத்தில் இருந்தது. ஆர்.வி. என்பது பெட்ரோலைக் குடம் குடமாகக் குடிக்கும் வண்டி. அதன் விற்பனை படுத்ததற்கு மெர்செட்காரரின் வீட்டு விலையை மட்டும் காரணமாக்க முடியாது. "லேமனுக்கு முன்பே" என்ற வாதத்திலும் ஒரு சிக்கல்: நிதிச் சந்தையில் பீதி 2007 ஆகஸ்டிலேயே தொடங்கிவிட்டது, பேர் ஸ்டெர்ன்ஸ் 2008 மார்ச்சில் விழுந்துவிட்டது. ஆகவே ஆலை மூடப்பட்டது லேமனுக்கு முன்புதான், பீதிக்கு முன்பு அல்ல. பென் பெர்னான்கி 2018-இல் எழுதிய கட்டுரையில், மந்தநிலை அவ்வளவு ஆழமானதற்கு நிதிச் சந்தைப் பீதிதான் முக்கியக் காரணம் என்று வாதிட்டார். அவர் அப்போது மத்திய வங்கியின் தலைவராக இருந்தவர், தன் வைத்தியத்தை நியாயப்படுத்துகிறார் என்று தள்ளிவிடலாம்தான். ஆனால் 2008 இலையுதிர் காலத்துக்குப் பிறகு வேலையிழப்பு திடீரென்று வேகமெடுத்ததை வீட்டுக்கடனை மட்டும் வைத்து விளக்குவது கஷ்டம். நெருப்பு வைத்தது வீட்டுக்கடன், காற்றாக வீசியது வங்கிப் பீதி என்றுதான் நான் படிக்கிறேன்.

கடன் ஏழைகளுக்கு மட்டும் பாய்ந்தது என்ற சித்திரமும் நிற்கவில்லை. மானுவல் அடெலினோ, அன்டோனெட் ஷோவர், ஃபெலிப்பே செவரினோ மூவரும், நடுத்தர, மேல்நடுத்தர வருமானக்காரர்களும் அதே வேகத்தில் கடன் வாங்கினார்கள் என்று காட்டினார்கள்.

உண்மையான சண்டை மருந்தைப் பற்றியது. வங்கிகளைக் காப்பாற்ற 2008 அக்டோபரில் 70,000 கோடி டாலருக்குச் சட்டம் நிறைவேறியது. வீட்டுக்காரர்களுக்கோ? திவால் நீதிமன்றமே வீட்டுக்கடனின் அசலைக் குறைக்கலாம் என்ற திருத்தம் 2009 ஏப்ரலில் செனட்டில் 45-க்கு 51 என்று தோற்றது. 30 முதல் 40 லட்சம் குடும்பங்களுக்கு உதவும் என்று அறிவித்த கடன் மாற்றுத் திட்டம் அந்த எண்ணிக்கையின் பக்கத்தில்கூடப் போகவில்லை. அசலைத் தள்ளுபடி செய்திருக்க வேண்டும், செய்திருந்தால் செலவு விழுந்திருக்காது, வேலையும் இவ்வளவு போயிருக்காது என்பது மியான், சூஃபியின் குற்றச்சாட்டு. அன்று ஒபாமாவின் ஆலோசகராக இருந்த லாரி சம்மர்ஸ் புத்தகத்தைப் பாராட்டியே எழுதினார், ஆனால் அப்படிச் செய்வது நடைமுறையில் சாத்தியமாக இருந்ததா என்பதில் ஒத்துப்போகவில்லை.

கோபத்தில் நான் மியான், சூஃபி பக்கம். ஆனால் பீட்டர் கனோங், பாஸ்கல் நோயல் இருவரின் ஆய்வைப் படித்த பிறகு மருந்துச் சீட்டைத் திருத்தத்தான் வேண்டும். அதே அரசுத் திட்டத்தில் சிலருக்கு மாதத் தவணை மட்டும் குறைந்தது, சிலருக்கு அதோடு அசலும் குறைந்தது. இரு தரப்பையும் ஒப்பிட்டபோது, கூடுதலாக அசல் குறைந்ததால் செலவும் கூடவில்லை, தவணை தவறுவதும் குறையவில்லை. தவணை குறைந்ததுதான் வேலை செய்தது. யோசித்தால் இது ஆச்சரியமும் இல்லை. கடன் வீட்டு விலையைவிட அதிகமாக இருக்கும்போது, அசலில் கொஞ்சம் குறைத்தாலும் அந்த வீட்டை வைத்துப் புதுசாகக் கடன் வாங்க முடியாது, காகிதத்தில்தான் நிம்மதி. தவணை 300 டாலர் குறைந்தால் அது இந்த மாசம் கைக்கு வருகிற காசு. கடன் காலத்தை நீட்டியே தவணையைக் குறைக்கலாம், அரசுக்குப் பெரிய செலவும் கிடையாது. அசலைத் தள்ளுபடி செய்தால் ஒழுங்காகக் கட்டியவன் ஏமாளியா என்று எழும் அரசியல் கூச்சலும் இதில் குறைவு.

புத்தகத்தின் கடைசிப் பகுதியில் இருக்கும் யோசனையை இந்த வெளிச்சத்தில் மறுபடி பார்த்தேன். வட்டார வீட்டு விலைக் குறியீடு விழுந்தால் தவணையும் தானாகவே விழ வேண்டும், பதிலுக்கு வீட்டை லாபத்தில் விற்கும்போது லாபத்தில் 5 சதவீதம் கடன் கொடுத்தவருக்கு. யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நிற்க வேண்டாம், நாடாளுமன்றம் ஓட்டுப் போட வேண்டாம். இதில் தவணை குறையும் பாதிதான் தங்கம். அசல் குறையும் பாதியைவிட்டே பேரம் பேசலாம் என்பது என் எண்ணம். ஆனால் அமெரிக்காவில் இன்றும் கோலோச்சுவது 30 வருட நிலைவட்டிக் கடன்தான். ஊரே மூழ்கினாலும் தவணை அப்படியே நிற்கும்.

2020-இல் கொரோனா வந்தபோது ஒரு மாற்றம் தெரிந்தது. மத்திய அரசின் ஆதரவுள்ள வீட்டுக்கடன்களுக்கு 180 நாள் தவணையை ஒத்திவைக்கலாம், கேட்டால் இன்னொரு 180 நாள் என்று சட்டம் வந்தது. அசலைத் தொடவில்லை. லட்சக்கணக்கானவர்கள் எடுத்துக்கொண்டார்கள், 2009 மாதிரி ஜப்தி அலை வரவில்லை. என்ன, அந்தச் சமயம் வீட்டு விலை ஏறிக்கொண்டிருந்தது, கையில் அரசு உதவித்தொகையும் வந்தது. விலை 30 சதவீதம் விழும்போது இதே ஏற்பாடு தாங்குமா என்பதை அந்த வருடம் சோதிக்கவில்லை.