சிங்கப்பெண் என்னும் சொல்

‘தாரிணி’ என்ற 56 அடி பாய்மரப் படகில் கடற்படை அதிகாரிகள் தில்னாவும் புதுச்சேரி ரூபாவும் இரண்டே பேராக உலகைச் சுற்றி, 2025 மே 29 அன்று கோவா திரும்பினார்கள். ‘சிங்கப்பெண்கள்’ என்று கொண்டாடினோம். அந்தச் சொல் அவர்களுடைய தொழிலை மறைக்கிறது. கிழிந்த பாயைத் தைப்பதும், தேய்ந்த கயிற்றை அறுமுன் மாற்றுவதும், காற்று வலுக்குமுன் பாயைச் சுருக்குவதும் பிறவிக்குணமல்ல, கற்ற வேலை. 2018இல், ஆறு பெண்கள் சென்ற முதல் பயணத்தில், இதே படகின் சுக்கான் அமைப்பு பழுதாகி மொரீஷியஸில் ஒதுங்க வேண்டியிருந்தது. வீரம் சுக்கானைச் சரிசெய்யாது.

மயிலாப்பூரை ஒட்டிய நொச்சிக்குப்பத்தில் கடலுக்குப் போவது ஆண்கள்; மீன் விற்பது பெண்கள். அந்தப் பெண்களுக்குத் துணிச்சலா குறைவு? படகும் பயிற்சியும்தான் கைக்கு வரவில்லை. தாரிணியும் கடற்படையின் சொத்துதான். பட்டம் கொடுப்பது எளிது. பெண்ணின் பெயரில் படகு எப்போது?