பண்பலையிலிருந்து எண்ணிம ஒலிபரப்புக்கு: நார்வேயின் மாற்ற அளவுகோல்கள் – ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

தேசிய வானொலி அலைவரிசைகளின் பண்பலை ஒலிபரப்பை முற்றிலும் நிறுத்திய முதல் நாடு நார்வே ஆகும். 2017ஆம் ஆண்டில் நிறைவேறிய இம்மாற்றம் பெரும்பாலும் தொழில்நுட்ப வெற்றியாகவே பேசப்படுகிறது. மாற்றத்திற்கு முன்நிபந்தனையாக வகுக்கப்பட்ட அளவுகோல்கள் எவற்றை அளந்தன, எவற்றை அளக்காமல் விட்டன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. ஒலிபரப்புவோரின் செலவு குறைந்தபோது கேட்போரின் செலவு கூடியது என்பதும், அச்செலவு கணக்கில் உரிய இடம் பெறவில்லை என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: பண்பலை, எண்ணிம ஒலிபரப்பு, நார்வே, ஊடகக் கொள்கை, கேட்போர்

முன்னுரை

நார்வேயின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.ஆர்.கே. 1995 ஜூன் 1 அன்று எண்ணிம முறையில் மட்டுமே ஒலிக்கும் அலைவரிசை ஒன்றைத் தொடங்கியது. உலகில் அவ்வகையில் அதுவே முதலாவது. 2011இல் அந்நாட்டு நாடாளுமன்றம் பண்பலையிலிருந்து விலகும் கொள்கையை ஏற்றது. நிபந்தனைகள் நிறைவேறிவிட்டதாக 2015 ஏப்ரலில் பண்பாட்டு அமைச்சகம் அறிவித்தது. 2017 ஜனவரி 11 அன்று நூர்லாண்டு மாவட்டத்தில் தொடங்கிய நிறுத்தம், அதே ஆண்டு டிசம்பர் 13 அன்று வடகோடியில் முடிந்தது. உள்ளூர் வானொலிகளுள் பெரும்பாலானவை பண்பலையிலேயே தொடர அனுமதிக்கப்பட்டன.

மாற்றத்திற்கான நியாயங்கள்

இம்மாற்றத்தை ஆதரித்தோரின் வாதம் வலுவற்றதன்று. மலைகளும் கடற்கழிகளும் நிறைந்த நிலப்பரப்பில் சிதறி வாழும் ஏறத்தாழ 50 இலட்சம் மக்களைப் பண்பலைவழி அடைவதற்கு மிகுதியான அலைபரப்பிகள் தேவை. பண்பலையில் அடுத்தடுத்த நிலையங்கள் ஒரே அலைவரிசை எண்ணைப் பயன்படுத்தினால் ஒன்றையொன்று குலைக்கும். எண்ணிம முறையிலோ பல நிலையங்கள் ஒரே அலைவெண்ணில் இயங்கலாம். ஒரே அலைத்தொகுதியில் பல நிகழ்ச்சிகளை ஒருசேர அனுப்பலாம். தேசிய அலைவரிசைகளைப் பண்பலையில் ஒலிபரப்புவதற்கான செலவு எண்ணிம முறையைப்போல் 8 மடங்கு என்று அமைச்சகம் கூறியது. பண்பலையில் 5 தேசிய அலைவரிசைகளே இருந்தன. 2015இல் எண்ணிம முறையில் 22 இருந்தன. சிக்கனமும் பன்மையும் உண்மையான ஆதாயங்களே. அவற்றுக்கான விலையை யார் கொடுத்தனர் என்பதே இங்கு எழும் வினா.

அளவுகோலின் மொழி

2011இன் நிபந்தனைகளுள் ஒன்று, நாள்தோறும் வானொலி கேட்போரில் பாதிப்பேர் ஏதேனும் ஓர் எண்ணிமத் தளத்தைப் பயன்படுத்த வேண்டும் என்பதாகும். இந்நிபந்தனை கேட்கும் நேரத்தை அளக்கவில்லை, ஆட்களையே எண்ணியது. காலையில் 10 நிமிடம் எண்ணிம முறையிலும் பின்னர் 3 மணிநேரம் பண்பலையிலும் வானொலி கேட்ட ஒருவர், இவ்வளவுகோலின்படி எண்ணிமக் கேட்போராகவே கொள்ளப்படுவார். மேலும், எண்ணிமத் தளம் என்பதில் இணையமும் தொலைக்காட்சியும் அடங்கும். ஆகவே எண்ணிமத் தளத்தில் கேட்கும் ஒருவரிடம் புதிய வானொலிப் பெட்டி இருந்தாக வேண்டும் என்பதில்லை.

பிரித்தானியாவோடு ஒப்பிடும்போது இவ்வேறுபாடு தெளிவாகும். அங்கே அளவுகோல் மொத்தக் கேட்கும் நேரத்தில் எண்ணிம முறையின் பங்கைச் சார்ந்தது. 2018இல் அப்பங்கு 50 விழுக்காட்டைக் கடந்தது. எனினும் பண்பலை நிறுத்தப்படவில்லை. குறைந்தது 2030 வரை அது தொடர வேண்டும் என 2021இல் வெளியான அரசின் மீளாய்வு பரிந்துரைத்தது. ‘பாதி’ என்னும் ஒரே சொல் இரு நாடுகளில் இரு வேறு பொருள்களைத் தந்துள்ளது. எதை எண்ணுவது என்று தீர்மானிக்கும் இடத்திலேயே கொள்கையின் விளைவும் பெருமளவு தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது.

கேட்போரின் செலவு

மகிழுந்துகளில் பொருத்தமான ஏற்பு வசதி நியாயமான விலையில் கிடைக்க வேண்டும் என்பதும் நிபந்தனைகளுள் ஒன்று. அவ்வசதி சந்தையில் கிடைத்தது; ஆனால் 2017 தொடக்கத்தில் ஏறத்தாழ 20 இலட்சம் மகிழுந்துகளில் அது இல்லை. இணைப்புக் கருவி ஒன்றின் விலை ஏறத்தாழ 1,500 நார்வே குரோனர். கடையில் கிடைப்பதும் கேட்போரின் கையில் இருப்பதும் ஒன்றல்ல. நிபந்தனை முன்னதை மட்டுமே கேட்டது. நாளிதழ் ஒன்று வெளியிட்ட கருத்துக்கணிப்பில் 66 விழுக்காட்டினர் நிறுத்தத்தை எதிர்த்தனர். 17 விழுக்காட்டினரே ஆதரித்தனர். ஓட்டுநர்கள் அவசரகால எச்சரிக்கைகளைக் கேட்க இயலாது போகலாம் என்ற அச்சமும் அப்போது முன்வைக்கப்பட்டது.

அலைபரப்பியின் செலவு நிறுவனத்தின் வரவு செலவுக் கணக்கில் பதிவாகிறது. வானொலிப் பெட்டியின் செலவோ இலட்சக்கணக்கான வீடுகளில் சிதறிக் கிடக்கிறது. ‘8 மடங்கு சிக்கனம்’ என்ற கூற்றில் இரண்டாவது செலவுக்கு இடமில்லை. பழுதின்றி இயங்கிய பெட்டிகள் தேசிய அலைவரிசைகளைப் பொறுத்தவரை ஒரே நாளில் பயனற்றுப்போயின.

கேட்டல் அனுபவத்தின் மாற்றம்

பண்பலையில் அலை வலுவிழக்கும்போது இரைச்சல் படிப்படியாகக் கூடும்; ஆயினும் பேச்சின் பொருள் நெடுநேரம் புலப்படும். எண்ணிம முறையில் அலை ஓர் எல்லைக்குக் கீழே குறைந்தால் ஒலி துண்டுபட்டு, முற்றிலும் நின்றுவிடும். முன்னதில் கேட்பவர் தம் செவித்திறனாலும் மொழியறிவாலும் குறையை நிரப்பிக்கொள்கிறார். பின்னதில் அதற்கான வாய்ப்பு மிகக் குறைவு. ‘தெளிவான ஒலி’ என்ற விளம்பரமொழி இவ்வேறுபாட்டை மறைக்கிறது. தெளிவைத் தரத்தின் ஒரே அளவாகக் கொண்டால், குறையுடனேனும் செய்தி வந்துசேர்தல் என்னும் வானொலியின் பழைய பண்பு மதிப்பீட்டிலிருந்து நீங்கிவிடுகிறது. பேரிடர்க் காலத்தில் இப்பண்பே பெரிதும் வேண்டப்படுவது.

முடிவுரை

நார்வேயின் மாற்றம் தோல்வி என்று கூறுவதற்கில்லை. ஒலிபரப்பின் பரப்பும் அலைவரிசைகளின் எண்ணிக்கையும் நிபந்தனைப்படி நிறைவேறின. ஆயினும் நிறுத்தத்தைத் தொடர்ந்து நாள்தோறும் வானொலி கேட்போரின் எண்ணிக்கை குறைந்தது. சுவிட்சர்லாந்தின் பொது ஒலிபரப்பு நிறுவனமும் 2024 டிசம்பர் 31 அன்று பண்பலையைக் கைவிட்டது. அங்கும் கேட்போர் இழப்பு நேர்ந்தது. எனவே இத்தகைய மாற்றங்களை மதிப்பிடும் ஆய்வுகள் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும்: அளவுகோல் ஆட்களை எண்ணுகிறதா, கேட்கும் நேரத்தை எண்ணுகிறதா? புதிய பெட்டி சந்தையில் உள்ளதா, கேட்போரிடம் உள்ளதா? சேமிக்கப்பட்ட தொகையில் ஒரு பகுதியேனும் கேட்போருக்குத் திரும்புகிறதா? இம்மூன்றாவது வினா நார்வேயின் நிபந்தனைகளில் இடம்பெறவில்லை. அது இடம்பெற்றிருந்தால் மாற்றம் சற்றுத் தாமதமாகியிருக்கலாம். ஆனால் கேட்போரில் பலர் உடன் வந்திருப்பர்.