நிற்கிற லாரிக்கு எப்போது ஆயில் மாற்றுவது?

நெல்லிக்குப்பம், முண்டியம்பாக்கம் பக்கம் கரும்பு அரவையை நம்பியே ஓடும் லாரிகள் உண்டு. அரவை முடிந்தால் வண்டி கொட்டகைக்குப் போய்விடும். நடுவில் ஒரு லோடு செங்கல், ஒரு லோடு வைக்கோல், எஃப்.சி.க்கு ஒரு நடை, அவ்வளவுதான். இப்படிப்பட்ட வண்டிக்கு இன்ஜின் ஆயில் எப்போது மாற்றுவது என்று கேட்டால் ஓனர் ஒன்று சொல்வார், கையேடு ஒன்று சொல்லும், பட்டறைக்காரர் விரலில் தொட்டுப் பார்த்து வேறொன்று சொல்வார். மூன்று பேச்சிலும் நியாயம் இருக்கிறது. எது எவ்வளவு தாங்கும் என்பதுதான் கேள்வி.

ஓனர் கட்சி எளிமையானது: கிலோமீட்டர் முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம். ஆறு சிலிண்டர் லாரிக்குப் பதினைந்து லிட்டர் ஆயில், லிட்டர் 300 ரூபாய் என்று வைத்தாலும் 4,500 ரூபாய். ஃபில்டரும் கூலியும் தனி. பாதி வருடம் சம்பாதிக்காத வண்டிக்கு அந்தப் பணம் வலிக்கத்தான் செய்யும். சீல் பிரிக்காத ஆயில் டின் ஐந்து வருடம் வரை கெடாது என்று தயாரிப்பாளர்களே சொல்கிறார்களே என்றும் கேட்பார்கள்.

வாதம் இங்கேதான் சறுக்குகிறது. டின்னில் இருக்கும் ஆயில் வேறு, இன்ஜின் அடியில் சம்ப்பில் கிடக்கும் ஆயில் வேறு. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெரும்பகுதி ஆவியாக சைலன்சர் வழியே போய்விடும். கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி, கரியோடும் அமிலத்தோடும் சேர்ந்து ஆயிலுக்குள் இறங்கும். லோடு ஏற்றி ஐம்பது கிலோமீட்டர் ஓடினால் ஆயில் நன்றாகச் சூடேறி, இறங்கிய ஈரம் பிரீத்தர் வழியே வெளியேறிவிடும். சூடேறும் முன்பே அணைத்துவிட்டால் அது அங்கேயே தங்கும். ஆக, கிலோமீட்டர் கணக்கு நீண்ட ஓட்டத்துக்கு மட்டுமே பொருந்தும் அளவுகோல். மீட்டரில் ஆயிரம் கிலோமீட்டர் என்றால், அது இருபது நீண்ட நடையா, இருநூறு குட்டி நடையா என்று மீட்டர் சொல்லாது. ஆயிலுக்கு இரண்டும் ஒன்றல்ல.

இதோடு சேர்ந்த ஒரு பழக்கத்தையும் இங்கேயே தள்ளிவிடலாம். ‘வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி பத்து நிமிஷம் விடுங்க, வண்டி நல்லா இருக்கும்’ என்பது நம் ஊரில் எல்லோரும் சொல்லும் அறிவுரை. டீசல் இன்ஜின் ஐடிலில் மிகக் குறைவாகவே டீசலை எரிக்கும். பத்து நிமிடத்தில் ரேடியேட்டர் வெதுவெதுப்பானாலும் சம்ப்பில் உள்ள ஆயில் சூடேறியிருக்காது. ஒவ்வொரு ஸ்டார்ட்டும் கொஞ்சம் தண்ணீரை உள்ளே சேர்த்துவிட்டு, அதை விரட்டாமல் நின்றுவிடுகிறது. இப்படி வளர்த்த வண்டியின் ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி, அடிப்பக்கத்தைப் பாருங்கள்: வெளிறிய காப்பி நிறத்தில் பசை அப்பியிருக்கலாம். ஆயிலும் தண்ணீரும் கலந்து கடைந்த பசை அது. வண்டியை அசையாமல் விடுவது இதைவிட மேல். ஸ்டார்ட் செய்தே ஆகவேண்டுமென்றால் ரோட்டில் இறக்கி அரைமணி நேரமாவது ஓட்டுங்கள்.

கையேட்டின் கட்சி காலண்டர். இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை மாதம், எது முதலில் வருகிறதோ அது. வாரண்டி உள்ள வண்டிக்கு இதில் விவாதமே வேண்டாம். புத்தகத்தில் இருப்பதைச் செய்து பில்லைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். வாரண்டி முடிந்த வண்டிக்கும் ‘ஆறு மாதம் ஆனால் மாற்று’ என்று சிலர் ஓதுவதைத்தான் நான் ஏற்கவில்லை. அந்தக் கண்டிப்புக்கு இரண்டு பழைய காரணங்கள் உண்டு. ஒன்று, பனிநாடுகளின் குளிர்; அங்கே ஆயில் சூடேறவே நேரமாகும். கடலூரில் அந்தத் தொல்லை இல்லை, கடற்காற்றின் ஈரம் உண்டென்றாலும். இன்னொன்று டீசலில் இருந்த கந்தகம். அது எரிந்து தண்ணீரோடு சேர்ந்தால் கந்தக அமிலம். பி.எஸ்.-3 டீசலில் பத்து லட்சத்துக்கு 350 பங்கு கந்தகம் இருந்தது, பி.எஸ்.-4இல் 50, 2020 ஏப்ரல் முதல் நாடு முழுக்க வரும் பி.எஸ்.-6 டீசலில் 10. பழைய லாரியும் இன்று இதே டீசலைத்தான் குடிக்கிறது. அமில பயம் முற்றும் போகவில்லை; ஆயில் பழசாவதாலும் அமிலம் பிறக்கும். ஆனால் ஆறு மாதக் கெடுவைத் தாங்கி நின்ற தூண் ஒன்று சாய்ந்துவிட்டது. வருடம் ஒருமுறை என்பதை மட்டும் என்னால் அசைக்க முடியவில்லை.

விரல் கட்சிக்கு அதிக நேரம் வேண்டாம். ‘கறுத்துப் போச்சு, மாத்துங்க’ என்பது டீசல் வண்டிக்குச் செல்லாது. புது ஆயில் ஊற்றிய சில நாளிலேயே கறுக்கும். கரியைத் திரளவிடாமல் தன்னுள் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. பட்டறையின் இன்னொரு சோதனைக்கு மதிப்பு அதிகம். இன்ஜினைக் கொஞ்சம் ஓடவிட்டு ஆயில் கலந்த பிறகு, ஒரு சொட்டு எடுத்து நன்றாகச் சூடேறிய இரும்புத் தகட்டில் விட வேண்டும். சத்தமில்லாமல் பரவினால் ஈரம் இல்லை. சடசடவென்று பொரிந்தால் தண்ணீர் இருக்கிறது, அன்றைக்கே மாற்றிவிட வேண்டியதுதான். ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால் கார மிச்சம், டீசல் கலப்பு, தேய்ந்த இரும்பு, ஈயம் எல்லாம் தெரியும். இருபது லாரி வைத்திருப்பவருக்கு அது லாபம். ஒற்றை வண்டிக்காரர் அந்தப் பணத்தை ஆயிலில் போடலாம்.

பி.எஸ்.-6 வண்டியில் டிப்ஸ்டிக்கும் பேசும். புகைக் கரியைப் பிடிக்கும் ஃபில்டரைச் சுட்டுச் சுத்தம் செய்ய, பல இன்ஜின்களில் சிலிண்டருக்குள் கூடுதலாக டீசல் பீய்ச்சப்படுகிறது. பாதியில் வண்டியை அணைத்துக்கொண்டே இருந்தால் எரியாத டீசல் சுவர் வழியே வழிந்து சம்ப்பில் சேரும். ஆயில் மட்டம் ஏறும். ‘என் வண்டி சொட்டு ஆயில்கூடக் குடிக்கல’ என்று மகிழ்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கும். மேல் கோட்டைத் தாண்டினால் மாதமும் வேண்டாம், மீட்டரும் வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

சரி, வருடத்துக்கு ஒன்று என்றால், எந்த நாளில்? எல்லோரும் சீசன் தொடங்கும் முன் மாற்றுகிறார்கள். உழைக்கப் போகிற வண்டிக்குப் புது ஆயில் என்ற எண்ணம் இயல்பானதுதான். ஆனால் அப்படிச் செய்தால் கரியும் அமிலமும் ஈரமும் சேர்ந்த பழைய ஆயில், வண்டி நிற்கும் அத்தனை மாதமும் பேரிங் மேல் படிந்து கிடக்கிறது. நீண்ட நாள் நிறுத்தப் போகும் டிராக்டருக்கு நிறுத்தும் முன்பே ஆயிலை மாற்றச் சொல்லும் கையேடுகள் உண்டு. புது ஆயில் நின்று பழசாகிவிடாதா என்றால், அழுக்கில்லாத ஆயில் சில மாதம் சும்மா இருப்பதால் சொல்லும்படி கெடாது. அடுத்த அரவைக்கு அதுவே போதும். செலவும் அதே ஒரு மாற்றம்தான்.

என் தீர்ப்பு இது. நீண்ட நடை மட்டும் போகும் பருவ லாரிக்கு, கிலோமீட்டர் எவ்வளவு குறைந்தாலும் வருடம் ஒருமுறை, கடைசி லோடு இறக்கிய கையோடு இன்ஜின் சூடு ஆறும் முன் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, புது ஆயில் எல்லா இடமும் போகச் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். ஊருக்குள்ளேயே குட்டி நடை போகும் வண்டிக்கு மட்டும் ஆறு மாதம்.