அல்லன் என்பதும் ஆனால் என்பதும்

கொல்லிமலைக்காரர் சமவெளியில் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ளும்போது ஒரு மறுப்பையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது: "நாங்க மலையாளிங்க, கேரளாக்காரங்க இல்ல." தமிழ் பேசும் இந்தப் பழங்குடிக்குப் பெயர் அப்படி அமைந்துவிட்டது. ஒருவரை இன்னார் அல்லர் என்று விவரிப்பது நமக்குப் பழைய வழக்கம்தான். தொலைவில் தெரிவது கட்டையா, மனிதனா என்ற ஐயம் தீரும்போது எப்படிச் சொல்வது என்பதற்குத் தொல்காப்பியம் கிளவியாக்கத்திலேயே விதி உண்டு. மறுக்கும் சொல்லுக்கு அங்கே அன்மைக் கிளவி என்று பெயர்.

அதன் வலிமையை அறிய, இதே மலையை ஆண்ட வல்வில் ஓரியை வன்பரணர் பாடிய புறநானூறு 152ஆம் பாட்டைப் படிக்க வேண்டும். ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலி, மான், பன்றி எல்லாவற்றையும் ஊடுருவி, புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைக்கிறது. எய்தவன் யார்? விலைக்காகக் கொல்லும் வேடனாகத் தெரியவில்லை. செல்வச் செழிப்பு தெரிகிறது, மார்பில் ஆரம் தொங்குகிறது. ஓரிதானோ, அல்லனோ என்ற ஐயத்தோடே பாணர்கள் பாடுகிறார்கள். அரசே என்றதும் அவன் நாணுகிறான். எவ்வளவு நேர்த்தி! வேடன் அல்லன் என்று விலக்கிய கையோடு, கண்ணால் கண்ட சான்றையும் புலவர் வைத்துவிடுகிறார்.

'ஆனால்' அப்படியல்ல. ஸ்பானிய மொழியில் முன் சொன்னதை மறுத்து வேறொன்றை வைக்க 'சினோ', அதை ஏற்றுக்கொண்டே முரணைச் சேர்க்க 'பெரோ' என்று இரண்டு சொற்கள் உண்டு. நம் 'அல்ல', 'ஆனால்' இரண்டும் ஏறக்குறைய அப்படியே பிரிகின்றன. முதலாவது கேட்பவரின் தவறைத் திருத்தும். இரண்டாவது பல வேளைகளில் சொல்பவரின் முன்முடிவையே காட்டிக்கொடுக்கும். "மலைக்காரர், ஆனா நல்லாப் படிச்சவர்" என்பதைப் பாராட்டாகத்தான் சொல்கிறார்கள். மலையில் இருப்பவர் படிக்கமாட்டார் என்ற எண்ணம் இல்லாவிட்டால் அந்த 'ஆனா'வுக்கு அங்கே வேலையே இல்லை.

'அல்ல' என்பதும் குறையற்றதன்று. தமிழகப் பழங்குடிப் பட்டியலில் மலையாளி என்ற பெயரை மாவட்டங்களைச் சொல்லி வரையறுத்திருக்கிறார்கள்: தருமபுரி, வடஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி. பழைய சேலம் மாவட்டத்தில் இருந்ததால் கொல்லிமலைக்குச் சான்றிதழ் கிடைக்கிறது. ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் வாழும் மலையாளிகள் அந்தக் கோட்டுக்கு வெளியே நின்று நெடுங்காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் யார் என்று பார்க்காமல், எந்த மாவட்டத்தார் அல்லர் என்று மட்டும் பார்த்ததன் விளைவு இது.