வினைச்சொல்லில் இருப்பது யாருடைய நேரம்?

ஆங்கில வினைக்குப் பன்னிரண்டு காலங்கள் என்ற அட்டவணையை நம் பள்ளிக்கூடங்கள் இன்னும் வேதம் மாதிரி ஒப்பிக்கின்றன. மூன்று வரிசை, வரிசைக்கு நான்கு கட்டம். ஆங்கிலத்தின் உடம்புக்கு இந்தச் சட்டை ஒருபோதும் பொருந்தியதில்லை. ஜான் வாலிஸ் 1653இல் லத்தீனில் எழுதிய ஆங்கில இலக்கணத்திலேயே இம்மொழிக்குக் காலங்கள் இரண்டுதான் என்று சொல்லிவிட்டார். 'வாக்', 'வாக்ட்'. அவ்வளவுதான். எதிர்காலத்துக்கென்று தனி விகுதி கிடையாது. 'வில்' என்பது விருப்பத்தைச் சொன்ன பழைய வினை, பிற்பாடு துணைவினையாகத் தேய்ந்தது. 1795இல் லிண்ட்லி மர்ரே ஆறு காலங்கள் என்றார். லத்தீனின் எண்ணிக்கையும் ஆறு.

எண்ணிக்கைத் தகராறு கிடக்கட்டும். இருக்கிற இறந்தகாலமே காலத்தைத்தான் சொல்கிறதா? 'இஃப் ஐ நியூ ஹிம்' என்பதில் நடந்து முடிந்தது ஒன்றுமில்லை. அவனை எனக்குத் தெரியாது என்பதே பொருள். 'ஐ வாண்டட் டு ஆஸ்க் யூ' என்று ஒருவர் ஆரம்பித்தால், கேட்கும் ஆசை நேற்றே தீர்ந்துவிட்டது என்றா எடுத்துக்கொள்கிறோம்? மரியாதைக்காக ஓர் அடி தள்ளி நிற்கிறார். 'இப்போது' என்பதிலிருந்து தூரம், உண்மையிலிருந்து தூரம், எதிரில் இருப்பவரிடமிருந்து தூரம் மூன்றுக்கும் ஒரே வடிவம். ஆங்கில இறந்தகாலத்தை விலகலின் குறி எனலாம். கடிகாரம் அதன் ஒரு பயன்பாடு.

இதன் முழு விளையாட்டும் நாவலுக்குள்தான் நடக்கிறது. புனைவில் இறந்தகால வினை தன் இறந்தகாலப் பொருளை இழந்துவிடுகிறது என்று கேட் ஹம்பர்கர் 1957இல் ஜெர்மன் நாவல்களை வைத்து வாதிட்டார். ஆங்கிலத்துக்கும் இது பொருந்தும். நாவலில் 'டுமாரோ வாஸ் சண்டே' என்றிருந்தால் யாரும் திடுக்கிடுவதில்லை. 'வாஸ்' கதைசொல்லியின் நேரம். 'டுமாரோ' பாத்திரத்தின் நேரம். ஒரே வாக்கியத்துக்குள் இரண்டு பேர் குடியிருக்கிறார்கள்.

ஜேன் ஆஸ்டினின் 'எம்மா' (1815) முழுக்க இந்தக் குடித்தனத்தால் ஆனது. எல்ட்டன் என்ற பாதிரியார் தன் தோழி ஹாரியட்டை விரும்புகிறார் என்பது எம்மாவின் கணிப்பு. பிரதி ஒவ்வொரு தடவையும் 'எம்மா நினைத்தாள்' என்று வேலி கட்டுவதில்லை. கதைசொல்லியின் அதே இறந்தகாலத்தில், தகவல் போலச் சொல்லிவிட்டு நகர்கிறது. வண்டிக்குள் எல்ட்டன் எம்மாவிடமே காதலைச் சொல்லும்போது, கவனக்குறைவான வாசகனும் அவளோடு சேர்ந்து விழுகிறான். அவன் நம்பியது யாருடைய வாக்கியத்தை?

பிரெஞ்சில் இந்தக் கேள்வி நீதிமன்றத்துக்கே போனது. 1857இல் 'மதாம் பொவாரி' வழக்கில் அரசுத்தரப்பு வழக்கறிஞர் பாத்திரத்தின் பரவசத்தை ஃப்ளோபேரின் தீர்ப்பாக வாசித்தார் என்பதை ஹான்ஸ் ராபர்ட் யவ்ஸ் சுட்டிக்காட்டியிருக்கிறார். (அவளும் ஓர் எம்மா, தற்செயல்தான்.) ஃப்ளோபேர் விடுதலையானார்.

தமிழுக்கு வரும்போது என்ன ஆகிறது? 'நாளைக்கு வருவேன்னு சொன்னான்' என்கிறோம். ஆங்கிலம் அந்த 'வருவேன்' என்பதை 'உட்' ஆக்கி, சொன்னவனின் நாளையைக் கதைசொல்லியின் நேற்றுக்குள் இழுத்துக்கொள்ளும். நம்முடைய 'என்று' பேசியவனின் நேரத்தில் கை வைப்பதில்லை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் மொழிபெயர்ப்பாளர்கள் இதையே ஊன்றுகோலாக்கிக்கொண்டு, வேலியில்லாமல் கிடக்கும் ஆங்கில வாக்கியத்துக்கெல்லாம் 'என்று நினைத்தாள்', 'என்று அவளுக்குத் தோன்றியது' என ஒட்டவைக்கிறார்கள். குரல்கள் பிரிந்துவிடுகின்றன. எம்மா ஏமாறுவாள்; வாசகன் ஏமாறமாட்டான். அப்புறம் அந்த நாவலில் என்ன மிச்சம்?

தமிழுக்கு வக்கில்லை என்று இதற்குச் சமாதானம் சொல்வது சோம்பேறித்தனம். சொல்பவனின் மனநிலைக்கு ஏற்பக் காலம் பிறழும் என்பது நம் இலக்கணத்துக்குப் பழைய செய்தி. விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்று நன்னூல் காரணங்களையே அடுக்கிவைத்திருக்கிறது. வீட்டைவிட்டே கிளம்பாதவன் 'இதோ வந்துட்டேன்' என்பது எந்தக் காலம்? போதாததற்கு நம்மிடம் 'தான்' இருக்கிறது. 'நாளை ஊருக்குப் போகவேண்டும். தன்னை அழைத்துப்போக யார் வருவார்கள்?' வினையின் எதிர்காலம் அவளுடையது. 'என்னை' என்று வராததால் நேர்க்கூற்று ஆகவில்லை. கதைசொல்லியும் உள்ளேயே இருக்கிறான். ஆங்கிலம் வினைக்காலத்தை வைத்துச் செய்யும் வேலையின் பெரும்பகுதியை இந்த ஒரு பெயர்ச்சொல் சுமக்கும்.

ஹாரியட்டை எம்மா வரைந்த படத்தைச் சட்டம்போட எல்ட்டன் லண்டனுக்குக் கொண்டுபோகும் இடத்தை இப்படி எழுதிப்பார்க்கலாம்: அவருக்கு ஹாரியட் மேல்தான் கண். இல்லாவிட்டால் ஒரு படத்துக்காக யார் அவ்வளவு தூரம் அலைவார்கள்? தன் யோசனை வீண்போகவில்லை. இதில் 'நினைத்தாள்' இல்லை, இழுத்துப்பிடித்த இறந்தகாலமும் இல்லை. கண் இருப்பது உண்மையா, அவள் கற்பனையா என்பதை அந்த வண்டிப் பயணம் வரைக்கும் வாசகன் கண்டுபிடிக்க வழியில்லை.