ஸ்டியரிங் ஓரத்து கியர்

மும்பை மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளில் பழைய பிரீமியர் பத்மினி கார் நின்றால், என் கண் முதலில் போவது கியர் தண்டுக்குத்தான். ஸ்டியரிங் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். கீழே தரை காலி. அதனால் முன்சீட்டு ஒரே பெஞ்சு, நெருக்கி உட்கார்ந்தால் மூன்று பேர். கார் பக்கத்துக் குர்லா ஆலையில் பிறந்தது. 1089 சிசி, சுமார் 40 குதிரைத்திறன். காலையில் சோக்கை இழுத்து, இன்ஜின் இருமி எழும்வரை பொறுக்க வேண்டும். டாக்சியாக அது ஓடியது 2023 அக்டோபர் வரை.

இன்றைய போர்ஷே 911-இலும் கியர் மாற்றும் துடுப்புகள் ஸ்டியரிங்கை ஒட்டியே இருக்கின்றன. விரல் பட்டால் போதும், இரட்டை கிளட்ச் நொடிக்குள் மாற்றிவிடும். அபாரமான வேலைப்பாடு! ஆனால் நம் கோஸ்டல் ரோட்டிலேயே வேக வரம்பு மணிக்கு 80 கி.மீ.தான். அந்த வேகத்துக்கே பத்மினி முழுமூச்சாக உழைக்கும். ஓட்டுபவரும் கூடவே உழைப்பார். எனக்கு அந்தச் சுகம்தான் பெரிது.