பாயிலிருந்து தெருவுக்கு: ஜுஜுட்சு வழிவந்த பள்ளிகளும் அவற்றின் தரமும்

"பிள்ளையை எதில் சேர்க்கலாம்? கராத்தேயா, ஜூடோவா, சிலம்பமா? நாளைக்குத் தெருவில் ஒரு ஆபத்து என்றால் எது கைகொடுக்கும்?" பயிற்சிக் கூட வாசலில் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். உலகத்துச் சண்டைக் கலைகளையெல்லாம் ஒரே தராசில் ஏற்றிப் பார்த்தால் ஆளுக்கொரு பதில் வரும். ஒரே வேரில் கிளைத்துத் தனித்தனியாகப் பிரிந்துபோன பள்ளிகளை மட்டும் எடுத்துக்கொண்டால் பதில் கொஞ்சம் தெளிவாகக் கிடைக்கும். ஜப்பானிய ஜுஜுட்சுவும் அதிலிருந்து பிறந்த ஜூடோ, சாம்போ, பிரேசிலிய ஜுஜுட்சு, ஐகிடோ ஆகியவையும் அப்படிப்பட்ட குடும்பம். பிடிகளும் எறிதல்களும் பெரும்பாலும் ஒன்றுதான். பழகும் முறையும் போட்டி விதிகளும்தான் வேறு. எனவே ஒரு பள்ளியில் பழகியவன் தாக்குப்பிடித்து இன்னொரு பள்ளிக்காரன் திணறினால், காரணத்தைப் பழகிய முறையில் தேடலாம்.

ஜப்பானில் 1876-ல் வாள் ஏந்தி நடமாடத் தடை வந்தது. சாமுராய்களின் காலம் முடிந்தது. அவர்களுடைய வெறுங்கைச் சண்டையான ஜுஜுட்சுவையும் சீந்துவாரில்லை. ஆசான்கள் பலர் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்டுப் பிழைத்தார்கள். கன்னியாகுமரிப் பக்கத்து வர்ம ஆசான்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. உடம்பை முறிக்கத் தெரிந்தவருக்கே ஒட்டவைக்கவும் தெரியும். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருந்த கானோ ஜிகோரோ என்ற குள்ளமான இளைஞர் இப்படிப்பட்ட எலும்பு வைத்தியர்களை விசாரித்துத்தான் 1877-ல் ஃபுக்குதா ஹச்சினோசுக்கே என்ற ஆசானைப் பிடித்தார். அங்கே தென்ஜின் ஷின்யோ பள்ளியின் நெரிப்புகளையும் பூட்டுகளையும் கற்றார். பிறகு கிட்டோ பள்ளியில் எறிதல்களைக் கற்றார். 1882-ல் எய்ஷோஜி என்ற புத்த கோயிலில், பன்னிரண்டு பாய் விரித்த ஓர் அறையில், சொந்தமாக ஒரு கூடம் தொடங்கினார். அதுதான் கொடோக்கான்; அங்கே பிறந்ததுதான் ஜூடோ.

கானோ செய்த காரியத்தின் அருமையைப் பலர் இன்னும் சரியாக உணரவில்லை. பழைய பள்ளிகளில் கண்ணில் குத்துவது, விரலை ஒடிப்பது, கழுத்தை முறிப்பது என்று பயங்கரமான வித்தைகள் இருந்தன. அவற்றை முழு வேகத்தில் யார் மேல் பழகுவது? கூட்டாளி முதல் நாளே ஊனமாகிவிடுவான். ஆகவே அவற்றைக் காத்தா என்ற வரிசை முறையில், இருவரும் முன்கூட்டியே பேசிவைத்தபடிதான் பழகினார்கள். கானோ அந்த ஆபத்தான அடிகளைக் காத்தாவிலேயே நிறுத்திவைத்தார். எறிதல், அழுத்திப் பிடித்தல், நெரித்தல், பூட்டுதல் ஆகியவற்றில் ஊனப்படுத்தாதவற்றைப் பிரித்தெடுத்து, "முழு பலத்தோடு மோதிக்கொள்ளுங்கள்" என்று மாணவர்களை விட்டார். இதற்கு ரண்டோரி என்று பெயர். 1880-களில் டோக்கியோ காவல்துறையின் ஆதரவில் நடந்த போட்டிகளில் கொடோக்கான் மாணவர்கள் பழைய பள்ளிக்காரர்களை வென்றார்கள். கொல்லும் வித்தை தெரிந்தவனைக் கொல்லாத வித்தை தெரிந்தவன் தூக்கிப் போட்டான். தினமும் முரண்டு பிடிக்கும் ஆள் மேல் பழகியது அவன்தானே.

இதைக் கண்ணால் பார்க்க ஆசைப்படுபவர்கள் ஒசோட்டோகரி என்ற எறிதலைக் கவனிக்கலாம். எதிராளியின் காலரையும் கைச்சட்டையையும் பிடித்து, அவன் எடை முழுவதும் ஒரு குதிகாலில் இறங்கும்படி பின்னால் சாய்த்து, அந்தக் காலை நம் காலால் பின்புறமிருந்து வாரிவிட வேண்டும். ஒத்துழைக்கும் கூட்டாளி இருந்தால் ஒரே மாலையில் வந்துவிடும். அதையே ரண்டோரியில் செய்துபாருங்கள். கையை நீட்டி விறைத்துக்கொள்வான். இடுப்பைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வான். காலரில் கை பட்டதுமே உதறிவிடுவான். நாம் கால் தூக்கும் அந்த நொடியில் நம்மையே வாரிவிடுவான். மாதக்கணக்கில் தோற்ற பிறகுதான், அவன் அடி எடுத்து வைக்கும் கணம் எது என்று நம் கை தானாக உணர ஆரம்பிக்கும். அந்த உணர்வுதான் தெருவில் கூட வரும். நிறைய எறிதல்களின் பெயர் தெரிந்திருப்பதால் பயனில்லை.

ஆனால் கொடோக்கானுக்கும் ஓட்டை இருந்தது. ஃபூசென் பள்ளியைச் சேர்ந்த தனாபே மதாயெமோன் நின்று மல்லுக்கட்டாமல் கொடோக்கான் வீரர்களைத் தரைக்கு இழுத்துப் போட்டு வென்றார். அந்த அடியிலிருந்து கொடோக்கான் பாடம் கற்றது. உயர்நிலைப் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கென 1914-ல் கியோட்டோவில் தொடங்கிய கோசென் போட்டிகள் தரைச் சண்டையை எங்கேயோ கொண்டுபோயின. கால்களால் கழுத்தை முக்கோணமாக இறுக்கும் சங்காக்குஜிமே செம்மைப்பட்டது அங்கேதான். மாணவர்கள் வளைத்து வளைத்துத் தரையிலேயே கிடப்பதைக் கண்டு கொடோக்கான் 1925-ல் தரைச் சண்டைக்கு விதிகளால் கட்டுப்பாடு போட்டது. ஒரு விதி மாறினால் ஒரு தலைமுறையின் உடம்பே மாறும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

கடல் தாண்டிய கிளைகளின் கதை இன்னும் சுவையானது. கொடோக்கானில் பயின்ற மயேதா மிட்சுயோ 1904-ல் ஜப்பானை விட்டுக் கிளம்பினார். ஊர் ஊராக மல்லுக்கட்டிவிட்டு 1914-ல் பிரேசில் போய்ச் சேர்ந்தார். கார்லோஸ் கிரேசி அவரிடம் கற்றார். தம்பி ஹீலியோ மெலிந்த உடம்புக்காரர். அவர்கள் குடும்பம் எறிதலைப் பின்னுக்குத் தள்ளி, மல்லாந்து கிடந்தபடியே மேலே உள்ளவனைச் சமாளிக்கும் வித்தையைக் கூர்மையாக்கியது. 1951 அக்டோபரில் மாரக்கானாவில் ஜூடோ மாவீரர் கிமுரா மசஹிக்கோவும் ஹீலியோவும் மோதினார்கள். கிமுரா ஹீலியோவின் கையைப் பின்னால் திருகிப் பூட்டினார். எலும்பு முறிந்தும் ஹீலியோ தோல்வியை ஒப்புக்கொண்டு தட்டவில்லை. கார்லோஸ்தான் துண்டை வீசி நிறுத்தினார். அந்தப் பூட்டை இன்றும் பிரேசில் பள்ளிக்காரர்கள் கிமுரா என்றே அழைக்கிறார்கள். தங்களைத் தோற்கடித்தவர் பெயரையே பாடத்துக்கு வைத்த பெருந்தன்மைக்காகவே அவர்களை எனக்குப் பிடிக்கும்.

1993 நவம்பர் 12 அன்று அமெரிக்காவின் டென்வர் நகரில் எந்தக் கலைக்காரரும் மோதலாம் என்று நடந்த போட்டியில் ஹீலியோவின் மகன் ராய்ஸ், ஒரே இரவில் மூன்று பேரை வரிசையாகப் பணியவைத்தார். முதலில் வந்த குத்துச்சண்டை வீரர் ஒரு கையில் மட்டும் கையுறை மாட்டியிருந்தார். ராய்ஸ் அவரைக் கீழே தள்ளி மார்பில் ஏறி உட்கார்ந்ததும், பூட்டு எதுவும் விழுவதற்கு முன்பே அவர் தட்டிவிட்டார். கை வலிமையில் அவருக்குக் குறைவில்லை. ஒருவன் மேலே ஏறி அமர்ந்தால் என்ன செய்வது என்பதை அவர் பழகியதில்லை, அவ்வளவுதான். மல்லுக்கட்டத் தெரியாத கராத்தேக்காரருக்கும் குத்துச்சண்டைக்காரருக்கும் அந்த இரவு விழித்துக்கொள்ளச் சொன்ன மணி.

ரஷ்யக் கிளை கண்ணீரில் நனைந்தது. வசிலி ஓஷ்செப்கோவ் கொடோக்கானிலேயே கறுப்பு பெல்ட் வாங்கியவர். ஊர் திரும்பி ஜூடோவைச் செஞ்சேனைக்குக் கற்பித்தார். சோவியத் நாட்டு மல்யுத்தப் பிடிகளும் அதில் கலந்தன. 1937-ல் ஜப்பானிய உளவாளி என்று கைது செய்து சிறையில் அடைத்தார்கள், அங்கேயே இறந்தார். அடுத்த ஆண்டு, பின்னாளில் சாம்போ எனப்பட்ட அவருடைய கலை அரசு அங்கீகாரம் பெற்றது, அவர் பெயர் இல்லாமலேயே.

இனி மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விளையாட்டுச் சாம்போப் போட்டியில் கால் பூட்டு உண்டு, கழுத்து நெரிப்பு இல்லை. ஜூடோவில் நெரிப்பு உண்டு, கால் பூட்டு இல்லை. பிரேசில் முறையில் இரண்டும் உண்டு, ஆனால் பல கூடங்களில் உட்கார்ந்தபடியே பயிற்சியைத் தொடங்குவதால் நின்றவனைக் கீழே கொண்டுவரும் திறமை மெலிந்துவிட்டது. 2010-ல் தொடங்கிச் சர்வதேச ஜூடோவில் கையால் காலைப் பிடிப்பதும் தடைசெய்யப்பட்டது. குனிந்து நின்று இழுபறியாகப் போகும் ஆட்டத்தைத் தவிர்க்க அது உதவியது உண்மை. ஆனால் தெருவில் ஒருவன் தலையைத் தாழ்த்திக் காலை வாரப் பாய்வது சர்வ சாதாரணம். அதை ஒரு முறைகூடச் சந்திக்காத ஜூடோ வீரர்களை நாம் இப்போது உருவாக்கிக்கொண்டிருக்கிறோம். போட்டிக்கு வெளியே, வாரத்தில் ஒரு நாளாவது பழைய விதியில் ரண்டோரி விட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஐகிடோ பற்றி மனம் வருந்தித்தான் எழுத வேண்டியிருக்கிறது. உயெஷிபா மோரிஹெய் தாய்த்தோ பள்ளி ஜுஜுட்சுவிலிருந்து உருவாக்கிய அழகான கலை. ஆனால் பெரும்பாலான கூடங்களில் எதிர்ப்பவன் கிடையாது. மணிக்கட்டைப் பிடித்தவன் சொன்னபடி சுழன்று விழுகிறான். உடல் நலத்துக்கும் மன அமைதிக்கும் நல்லது. தற்காப்புக்கு அதை மட்டும் நம்பி மகளை அனுப்பக் கூடாது. விதிவிலக்கு தோமிக்கி கென்ஜி. கானோவிடமும் உயெஷிபாவிடமும் பயின்ற அவர், ஒருவன் ரப்பர் கத்தியோடு உண்மையாகவே குத்த வர, மற்றவன் தடுக்கும் போட்டியை அமைத்தார். அந்தப் பாயில் பத்து நிமிடம் நின்றால் போதும், கத்தியைக் கையிலிருந்து பிடுங்கும் சினிமாக் காட்சி மனதிலிருந்து அழிந்துவிடும். பழகியவர்களுக்கே குத்து விழுகிறது. கத்தி என்றால் ஓடுவதே முதல் பாடம்.

தெருவுக்கு ஏற்ற கலை என்று விளம்பரம் செய்பவர்கள் சொல்லாமல் விடுபவை வேறு சில உண்டு. தரை சிமெண்ட், ஜூடோ எறிதல் அங்கே மண்டையை உடைக்கும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் நமக்குத் தற்காப்பு உரிமையைத் தருகின்றன, ஆனால் தேவைக்கு மேற்பட்ட தீங்கு செய்யும் உரிமையைத் தரவில்லை. நம் ஊர் வெயிலுக்கு ஆட்கள் போடுவது மெல்லிய சட்டையும் பனியனும். தடித்த ஜூடோ அங்கியை நம்பிப் பழகிய பிடி அங்கே கிழிந்து கையோடு வரும். அங்கியில்லாமல் கழுத்தையும் அக்குளையும் பிடித்து எறியத் தனியாகப் பழக வேண்டும். எதிரிகள் இருவர் என்றால் மல்லாந்து கிடக்கும் பிரேசில் நிலை ஆபத்து. இரண்டாமவன் தலையில் மிதிப்பான். அதேசமயம், கனத்த ஒருவன் மேலே அழுத்திக் கிடக்கும்போது இடுப்பை நழுவவிட்டு வெளியே வரும் வித்தைக்கு அந்தப் பள்ளிக்கு இணையே கிடையாது. பெண் பிள்ளைகளுக்கு அதுதான் முதலில் வேண்டியது.

பெண்கள் இந்தக் கலையை நிஜத் தெருவில் சோதித்த வரலாறு நூறாண்டுக்கு மேல் பழையது. லண்டனில் வாக்குரிமைக்காகப் போராடிய பெண்களுக்கு, ஐந்தடிகூட எட்டாத எடித் கேரட் ஜுஜுட்சு கற்றுக்கொடுத்தார். 1913-ல் அவர்களுடைய தலைவி எம்மெலின் பாங்க்ஹர்ஸ்டைக் கைதிலிருந்து காக்க ஒரு மெய்க்காவல் பெண்கள் படை உருவானது. அவர்கள் பாவாடைக்குள் மறைத்து எடுத்துப்போன ஆயுதம் என்ன தெரியுமா? நம் கர்லாக்கட்டை. 1914 மார்ச்சில் கிளாஸ்கோ மண்டப மேடையில் போலீசாரோடு நேருக்கு நேர் மோதினார்கள். ஆள் பலம் மிகுந்த போலீஸ் கடைசியில் எம்மெலினைக் கைது செய்தே போனது. இதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை: கலை தெரிந்தாலும் எண்ணிக்கை வெல்லும். இந்தியாவில் தாகூர் 1905-லேயே சாந்திநிகேதனுக்கு ஜப்பானிலிருந்து ஜூடோ ஆசானை வரவழைத்தார். 1929-ல் தக்காகாக்கி ஷின்சோ வந்தபோது மாணவிகளும் பாயில் இறங்கினார்கள்.

தரம் பற்றி ஒரு வார்த்தை. கானோ 1883-ல் இரண்டே பேருக்கு முதல் டான் என்ற தரத்தைக் கொடுத்தார். வண்ண வண்ண பெல்ட்டுகள் பின்னால் ஐரோப்பாவில் பரவியவை. இன்று நம் ஊர் சுவரொட்டிகளில் எட்டு வயதுப் பிள்ளை கறுப்பு பெல்ட்டோடு சிரிக்கிறது. அந்தப் பிள்ளையின் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் தன்னால் ஒரு வளர்ந்த ஆளைத் தடுக்க முடியும் என்று அந்தக் குழந்தையை நம்பவைப்பது பெரிய தீங்கு. ஆண்டுக்கு இத்தனை தேர்வு, தேர்வுக்கு இவ்வளவு கட்டணம் என்று நடத்தும் கூடங்களில், தேர்வில் முரண்டு பிடிக்கும் ஆளே இருப்பதில்லை.

ஒரே ஒரு கலைதான் என்றால் ஜூடோவில் தொடங்கச் சொல்வேன். நின்றபடியே கட்டிப்பிடிப்பவனைச் சமாளிக்கலாம். அதைவிட, உகேமி என்ற விழும் கலை வாய்க்கும். பைக்கிலிருந்து சறுக்கும்போதும் குளியலறையில் வழுக்கும்போதும் தாடையை மார்பில் ஒட்டித் தலையைக் காப்பது வாழ்நாள் முழுவதும் உதவும். இரண்டு ஆண்டு கழித்துப் பிரேசில் பள்ளியின் தரை வித்தையைச் சேர்த்துக்கொள்ளலாம். முகத்தில் குத்து வந்தால் கண்ணை மூடாமல் இருக்கக் கொஞ்சம் குத்துச்சண்டையும் தேவை.

கூடத்தைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோர் ஆண்டு விழாவுக்குப் போய்ப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். சாதாரண நாள் மாலையில், சொல்லாமல், வகுப்பின் கடைசி அரை மணி நேரத்துக்குப் போங்கள். பிள்ளைகள் உண்மையாக மோதுகிறார்களா, தட்டியதும் அந்தக் கணமே விட்டுவிடுகிறார்களா, அங்கே இருப்பதிலேயே சின்ன உருவம் யாருடைய கனத்தின் கீழிருந்து வெளியே வருகிறது, வர முடியாதபோது ஆசான் அருகில் உட்கார்ந்து எதைத் திருத்துகிறார் என்று பாருங்கள். சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழ்களைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.